நிறை என்னும் ஒருசொல்: இருகரைக்கும் இருபொருளா?

ஒரு பொருளின் நிறை எவ்விடத்தும் மாறாதது என்று தமிழ்நாட்டுப் பள்ளி மாணவன் படிக்கின்றான். ஒரு பொருளின் நிறை இடத்துக்கு இடம் மாறுவது என்று ஈழத்துப் பள்ளி மாணவன் படிக்கின்றான். இருவரும் படிப்பது தமிழிலேயே. இருவரும் கற்பது ஒரே இயற்பியலே. இருவர்க்கும் கற்பித்த ஆசிரியர்கள் தத்தம் பாடநூலினின்று ஓரெழுத்தும் வழுவாதவர்களே. ஆயினும், ஒருவன் எழுதிய விடைத்தாளை மற்றவன் நாட்டு ஆசிரியர் திருத்துவாராயின் அவ்விடைக்குச் சுழியே கிடைக்கும்.

இஃது அறிவியலில் நேர்ந்த முரண்பாடு அன்று. சொல்லில் நேர்ந்த முரண்பாடு. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவை 'நிறை' என்றும், அப்பொருளை ஞாலம் இழுக்கும் விசையை 'எடை' என்றும் வழங்குகின்றன. ஈழத்துப் பாடநூல்களோ பருப்பொருளின் அளவைத் 'திணிவு' என்றும், ஞாலம் இழுக்கும் விசையை 'நிறை' என்றும் வழங்குகின்றன. ஆக, ஒரு கரையில் ஒன்றற்குப் பெயராய் நின்ற சொல், மறுகரையில் அதனின் வேறாய மற்றொன்றற்குப் பெயராய் நிற்கின்றது. இரண்டும் வேறென்று மாணவனுக்கு உணர்த்துவதே இயற்பியலின் தொடக்கப் பாடம். அத்தொடக்கப் பாடத்திலேயே தமிழ் இரண்டுபட்டு நிற்பது தமிழ்வழிக் கல்வியை விரும்புவோர் நெஞ்சை உறுத்தவேண்டிய செய்தியாகும்.

இயற்பியல் கூறும் வேறுபாடு

இவ்விரண்டும் எத்துணை வேறானவை என்பதை ஓர் எளிய கணக்குக் காட்டும். 60 கிலோகிராம் உள்ள ஒருவரை ஞாலம் ஏறத்தாழ 588 நியூட்டன் விசையோடு தன்பால் இழுக்கின்றது. அவரே நிலாவின்மேல் நிற்பாராயின் அவ்விழுப்பு ஏறத்தாழ 97 நியூட்டனாகச் சுருங்கிவிடும். அதனால் அவருடலின் தசையோ எலும்போ குருதியோ ஓர் இம்மியும் குறைவதில்லை. அவர் அங்கும் அதே 60 கிலோகிராம் உள்ளவரே. மாறாதது பருப்பொருளின் அளவு. மாறியது இழுப்பு விசை.

நிலாவரை செல்லவும் வேண்டா. ஞாலத்தின்மேலேயே இவ்விசை எங்கும் ஒன்றாய் இல்லை. 1672-ஆம் ஆண்டில் இரிசே என்னும் பிரெஞ்சு வானியலறிஞர் நிலநடுக்கோட்டை அடுத்த கயேனுக்குச் சென்றார். பாரிசில் செவ்வையாக ஓடிய அவருடைய ஊசல் மணிப்பொறி அங்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமையம் பின்தங்கிற்று. ஊசலை இழுக்கும் விசை அங்குச் சற்றே குறைந்திருந்ததே அதற்குக் கரணியம். 1687-இல் வெளிவந்த தம் பெருநூலில் நியூட்டன் இந்நிகழ்ச்சியை எடுத்தாண்டார்; பருப்பொருளின் அளவையும் இழுப்பு விசையையும் வேறுவேறாக வரையறுத்தும் காட்டினார். அதுவரை உலகமொழிகள் பலவற்றிலும் ஒருசொல்லே இரண்டுக்கும் போதுமானதாயிருந்தது. அதன்பின் போதவில்லை.

அளக்குங் கருவிகளும் இவ்வேறுபாட்டைக் காட்டும். இருதட்டுத் துலைக்கோல் ஒருதட்டிலுள்ள பொருளை மறுதட்டிலுள்ள படிக்கல்லோடு ஒப்பிடுகின்றது. நிலாவில் வைத்துத் தூக்கினும் அது காட்டும் விடை மாறாது. ஏனெனின் பொருளும் கல்லும் ஒரேயளவில் இழுப்புக் குறைந்து நிற்கும். சுருள்வில் துலையோ வில் எத்துணை நீள்கின்றது என்பதைக்கொண்டு இழுப்பு விசையை அளக்கின்றது. அதனை நிலாவில் தொங்கவிட்டால் ஆறிலொரு பங்கே காட்டும். 1973-இல் இசுகைலாப் என்னும் விண்கூடத்தில் தங்கியிருந்தோர்க்கு இருவகைத் துலையும் உதவவில்லை. அங்கே எப்பொருளும் தட்டை அழுத்துவதில்லை. ஆதலால் வில்பொருத்திய ஓர் இருக்கையில் அவர்களை அமர்த்தி ஆட்டி, ஓர் ஆட்டத்துக்கு ஆகும் நேரத்தைக்கொண்டு அவர்தம் உடலின் பருப்பொருளளவைக் கணித்தனர். துலைத்தட்டு பயன்படாத இடத்திலும் அவ்வளவு மாறாமல் நின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நிறை என்னும் சொல்லின் வரலாறு

இருகரையாருள் யார் பிழைபட்டார் என்னும் வினா எழுவது இயல்பே. சொல்லின் வேரை நோக்கினால் இருவர்பாலும் முறை உண்டு என்பதே விடையாகும்.

கொடு என்னும் வினையிலிருந்து கொடை பிறந்தது. விடு என்பதிலிருந்து விடை பிறந்தது. எடு என்பதிலிருந்து எடை பிறந்தது. அங்ஙனமே நிறு என்னும் வினையிலிருந்து நிறை பிறந்தது. நிறுத்தல் என்பது துலையிலிட்டுத் தூக்குதல். நிறுக்கப்படுவது நிறை. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தின் தொகைமரபில் அளவுப்பெயரையும் நிறைப்பெயரையும் வேறுபிரித்து, அவை மொழிமுதலாகக் கொள்ளும் எழுத்துகள் ஒன்பது என்று தொகுத்துரைக்கின்றார். அங்கே அளவு என்பது முகந்து அளப்பது. நிறை என்பது தூக்கி அளப்பது. கழஞ்சும் தொடியும் துலாமும் நிறைப்பெயர்கள். ஆதலின் நிறை என்பது துலையிலேறிய சுமையையே குறித்த பழஞ்சொல் என்று ஈழத்தார் கொண்டது மரபொடு பட்டதே.

இனி, நிறைதல் என்னும் வினையும் தமிழில் உண்டு. குடம் நிறைந்தது, வயல் நிறைந்தது என்பன வழக்கு. ஒரு பொருளுக்குள் நிறைந்து கிடப்பதே அதன் பருப்பொருள் என்று கருதி, அதன் அளவுக்கு நிறை எனப் பெயரிட்டதாகக் கொள்ளினும் தமிழ்நாட்டார் வழக்கும் பொருந்துவதே. மேலும், இருதட்டுத் துலைக்கோலில் முன்னோர் உண்மையில் ஒப்பிட்டு வந்தது பருப்பொருளின் அளவையே என்பதும் மேலே காட்டப்பட்டது.

இச்சொல்லுக்கு மூன்றாவது ஒரு பொருளும் உண்டு. நெஞ்சத்தை நிறுத்தும் உறுதிக்கும் நிறை என்பதே பெயர். திருக்குறளின் 126-ஆம் அதிகாரம் நிறையழிதல் என்னும் பெயருடையது. அங்கே நிறை என்பது கிலோகிராமும் அன்று, நியூட்டனும் அன்று. இவ்வாறு பல பொருளுக்கு இடங்கொடுத்த வளமான சொல்லை இருகரையாரும் தனித்தனியே எடுத்துக்கொண்டனர். ஒருவரையொருவர் கலந்துகொள்ளாமல் எடுத்துக்கொண்டனர். பிழை அங்கேதான் நேர்ந்தது.

இருவேறு வழிகள்

தமிழ்நாட்டில் அறிவியற் சொல்லாக்கம் பலர் தோளில் ஏறி வந்தது. 1938-இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் பல துறைக்கும் உரிய கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டது. 1940-இல் அரசு அமைத்த சீனிவாச சாத்திரியார் குழு வடசொற்பாங்கான கலைச்சொற்களைப் புகுத்த முனைந்தபோது தமிழறிஞர்கள் எதிர்த்து நின்றனர். 1949 முதல் கோவைக் கலைக்கதிரும், 1954 முதல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியத் தொகுதிகளும் அறிவியலைத் தமிழில் எழுதிக் காட்டின. பௌதிகம் இயற்பியலாயிற்று, இரசாயனம் வேதியியலாயிற்று. இவை தாமே வந்தவை அல்ல, போராடிப் பெற்றவை.

ஈழத்தில் வழி வேறு. அங்கே 1950-களில் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. அச்சொற்களைக்கொண்டே பாடநூல்கள் எழுந்தன. உயர்தர வகுப்புவரை இயற்பியலையும் வேதியியலையும் தமிழிலேயே பயின்று தமிழிலேயே தேர்வெழுதிய தலைமுறைகள் அங்கே தோன்றின. அறிவியலைத் தமிழிற் பயில முடியுமா என்று தமிழ்நாட்டில் மேடைதோறும் வினவிக்கொண்டிருந்த காலத்தில் ஈழத்து மாணவர் அதனைச் செய்துகொண்டே இருந்தனர். அவர்தம் சொற்களுள் சக்தி, சடத்துவம் போன்ற வடசொற்கள் கலந்துள்ளமை உண்மையே. ஆயினும் திணிவு, வலு, அமுக்கம் போன்ற நற்றமிழ்ச் சொற்களை ஆண்டு பழக்கியவர்களும் அவர்களே என்பதை மறுக்கலாகாது.

இரண்டு வழியும் தமிழ்வழியே. இரண்டுக்கும் இடையே இருந்த கடலோ மிகக் குறுகியது. அக்கடலைத் தாண்டி ஒரு சொற்பட்டியல் சென்று ஒப்பிடப்படவில்லை என்பதே வருத்தம்.

எவ்வேறுபாடு கேடு, எவ்வேறுபாடு கேடன்று?

இருகரையும் எல்லாச் சொல்லிலும் ஒன்றாகிவிட வேண்டும் என்பதன்று கருத்து. தமிழ்நாட்டில் அழுத்தம் என்பதை ஈழத்தில் அமுக்கம் என்பர். இங்கே முடுக்கம் என்பதை அங்கே ஆர்முடுகல் என்பர். இங்கே ஆற்றல் என்பது அங்கே சக்தி. இவை ஒருபொருட் பன்மொழி. ஒருசொல்லை அறியாதவன் கேட்டுத் தெரிந்துகொள்வான். அறியாமையை அவன் தானே உணர்வான். ஆகவே இவற்றால் பெருங்கேடு இல்லை.

நிறை அத்தகையதன்று. அது பலபொருள் ஒருசொல். ஈழத்து நூலில் நிறையைக் காணும் தமிழ்நாட்டு மாணவன் அச்சொல்லை அறிந்தவனாகவே தன்னைக் கருதுகின்றான். அறிந்ததாகக் கருதுவதனால் எவரையும் கேட்பதில்லை. கேளாததனால் பிழைபட உணர்கின்றான். அறியாச் சொல் மாணவனைத் தடுத்து நிறுத்தும். அறிந்ததுபோல் தோன்றும் சொல் அவனைத் தவறான வழியில் நெடுந்தொலைவு இழுத்துச் சென்றுவிடும்.

பலபொருள் ஒருசொல்லைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் இருவகைப்படுத்தினார். மா என்பது மரத்தையும் விலங்கையும் குறிக்கும். மா பூத்தது எனின் வினையே பொருளைக் காட்டிவிடும், அது மரம். மா வீழ்ந்தது எனின் வினை பொருளைக் காட்டாது. மரமும் வீழும், விலங்கும் வீழும். அத்தகைய இடத்தில் இன்னதென்று வெளிப்படக் கிளந்து கூறவேண்டும் என்பது ஆசிரியர் கருத்து. நிறை கூடிற்று, நிறை குறைந்தது, நிறையைக் கணக்கிடுக என்னும் தொடர்களில் எவ்வினையாவது பொருளை வேறுபடுத்திக் காட்டுகின்றதா? இல்லை. ஈராயிரம் ஆண்டுகட்கும் முன்னரே இலக்கணம் எச்சரித்த இடத்தில் இயற்பியற் பாடநூல்கள் வந்து நிற்கின்றன.

இதனால் விளையும் குழப்பத்துக்கு இரண்டு சான்று போதும். விண்கலத்தில் மிதப்பவர் நிறையற்ற நிலையில் உள்ளார் என்று ஈழத்து நூல் எழுதும். தமிழ்நாட்டு மாணவன் அதனைப் படித்தால், அவருடலில் பருப்பொருளே இல்லை என்றன்றோ பொருள்கொள்வான்! ஒளித்துகள் நிறையற்றது என்று தமிழ்நாட்டு நூல் எழுதும். ஈழத்து மாணவன் அதனை ஈர்ப்புவிசையைப் பற்றிய செய்தியாகக் கொள்வான். நியூட்ரினோ என்னும் நுண்துகளுக்கும் பருப்பொருளளவு உண்டு என்று நிறுவியமைக்காக 2015-இல் இருவர் நோபல் பரிசு பெற்றனர். அச்செய்தியை நியூட்ரினோவுக்கு நிறை உண்டு என்று எழுதினால் இருகரையாரும் இருவேறு செய்திகளையே பெறுவர்.

இடையில் அகப்பட்ட பிள்ளைகள்

இஃது அறிஞர்தம் அறைக்குள் நிகழும் சொல்லாராய்ச்சி மட்டுமன்று. 1983-ஆம் ஆண்டின் இனக்கொலைக்குப்பின் பல்லாயிரவர் ஈழத்தினின்று தமிழ்நாட்டுக்கு ஏதிலியராய் வந்தனர். அவர்தம் பிள்ளைகள் இங்குள்ள பள்ளிகளிற் சேர்ந்தனர். அங்கே எட்டாம் வகுப்புப் படித்து, இங்கே ஒன்பதாம் வகுப்பில் அமர்ந்த பிள்ளைக்கு வீடும் போயிற்று, ஊரும் போயிற்று. கையில் எஞ்சியது கற்ற தமிழ் ஒன்றே. அத்தமிழும் இயற்பியல் வகுப்பில் அப்பிள்ளையைக் கைவிட்டது. நிறையின் அலகு நியூட்டன் என்று சரியாகப் பயின்றிருந்த பிள்ளை, அதனையே எழுதியதற்காகப் பிழைபட்டது. பின்னர் 2009-இல் போர் முடிந்தபின் ஈழம் மீண்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இதன் மறுதலை நேரும். இங்கே நிறையின் அலகு கிலோகிராம் என்று பயின்றதை அங்கே மறந்தாக வேண்டும். ஒரு தமிழ்ப்பிள்ளை தமிழகத்திலும் ஈழத்திலும் தமிழைப் புதிதாய்க் கற்கவேண்டி வருவதனினும் இழிவு வேறுண்டோ?

இன்று இருகரை எழுத்தும் ஒரே கணித்திரையில் அடுத்தடுத்து வந்து நிற்கின்றன. கடலும் காவலும் பிரித்து வைத்திருந்த காலத்தில் மறைந்து கிடந்த முரண்பாடு, இப்போது ஒவ்வொரு மாணவன் கையிலும் திறந்து கிடக்கின்றது. எந்நூல் எந்நாட்டது என்று பாராமலே பிள்ளைகள் படிக்கின்றனர். ஆகவே பொறுத்திருக்கும் காலம் கடந்துவிட்டது.

இரண்டு எளிய வழிகளும் அவற்றின் பொய்ம்மையும்

இக்குழப்பத்தைக் காட்டி, ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொண்டால் என்ன என்று வினவுவார் உளர். மாசு என்று எழுதிவிட்டால் போயிற்று என்பர். தமிழெழுத்தில் அச்சொல் அழுக்கையன்றோ குறிக்கும்! தெருப்பேச்சிலோ அச்சொல் இன்று திரைப்பட நடிகர்க்குக் கொட்டும் முழக்கமாகிவிட்டது. ஆங்கிலத்திலேயே அச்சொல் கோயில் வழிபாட்டுக்கும் பெயர், மக்கள் திரளுக்கும் பெயர். ஆங்கிலரும் அன்றாடப் பேச்சில் தம் உடலின் எடை இத்தனை கிலோகிராம் என்றே கூறுகின்றனர். குழப்பத்துக்கு அஞ்சி ஆங்கிலத்திடம் அடைக்கலம் புகுவோர் அங்கும் அதே குழப்பத்தையே காண்பர்.

அவ்வாங்கிலச் சொல்லின் பிறப்புத்தான் யாது? கிரேக்கத்தில் வாற்கோதுமை அடையைக் குறித்த சொல் இலத்தீனில் மாவுருண்டையைக் குறித்தது. அதுவே ஐரோப்பிய மொழிகளில் பருப்பொருளளவுக்குப் பெயராயிற்று. அடுக்களையிலிருந்து எடுத்த சொல்லை ஆய்வகத்தில் ஏற்றிவைக்க அவர்கள் நாணவில்லை. தமிழன் மட்டும் தன் சொல்லை ஆய்வகத்துள் விட நாணுவது ஏன்?

இன்னொரு சாரார் இந்தியா முழுமைக்கும் பொதுவான வடசொற்களை ஏற்கலாம் என்பர். நடுவணரசு 1961-இல் அமைத்த கலைச்சொல் ஆணையத்தின் வழியிற் செல்வோர் கூற்று இது. பருப்பொருளளவுக்கு இந்தியில் திரவியமான் என்கின்றனர். தமிழகத்துச் சிற்றூர்ப் பிள்ளைக்குத் திரவியம் என்றால் செல்வம். அவன் ஒரு கல்லின் திரவியத்தைக் கணக்கிடச் சொன்னால் அதற்குள் பொன் இருக்கின்றதா என்று தேடுவான். ஒரு குழப்பத்தை நீக்க மற்றொன்றைக் கடன்வாங்குவது அறிவுடைமை ஆகாது.

உலகம் கண்ட தீர்வு

இத்தகைய குழப்பம் தமிழுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1889-இல் பிளாட்டினமும் இரிடியமும் கலந்த ஓர் உருளையை உலகப் பொதுக் கிலோகிராமாக வைத்தபின்னரும், அது பருப்பொருளளவின் அலகா, இழுப்புவிசையின் அலகா என்னும் ஐயம் ஐரோப்பிய மொழிகளில் நீடித்தது. எடை என்னும் பொருள்தரும் சொல்லை அவர்களும் இரண்டுக்கும் வழங்கிவந்தனர். 1901-இல் பாரிசிற் கூடிய மூன்றாம் அளவைப் பொதுப்பேரவை அதனைத் தீர்த்தது. கிலோகிராம் பருப்பொருளளவின் அலகே என்றும், எடை என்பது விசையின் இனமே என்றும், அது பருப்பொருளளவை ஈர்ப்பு முடுக்கத்தாற் பெருக்கிவரும் தொகை என்றும் அப்பேரவை முடிவு கூறிற்று. 2019-ஆம் ஆண்டு மே 20 முதல் அவ்வுருளைக்கு மாற்றாகப் பிளாங்கு மாறிலி என்னும் இயற்கை எண்ணைக்கொண்டு கிலோகிராம் வரையறுக்கப்படுகின்றது. ஆயினும் 1901-இல் செய்த சொன்முடிவு அழியாமல் நிற்கின்றது.

கருத்தொன்றுக்கு ஒருசொல் என்று பல நாட்டார் ஒருங்கமர்ந்து முடிவு செய்யக்கூடுமாயின், ஒருமொழி பேசும் இருகரையார் அமர்ந்து முடிவு செய்ய இயலாதோ?

செய்யத்தக்கது யாது?

தீர்வு மிக எளியது. அஃது ஒரு கொடுக்கல் வாங்கல். தமிழ்நாடு ஈழத்திடமிருந்து திணிவு என்னும் சொல்லைப் பெறுக. ஈழம் தமிழ்நாட்டிடமிருந்து எடை என்னும் சொல்லைப் பெறுக. இருகரையாரும் நிறையை இயற்பியலினின்று விடுவித்து இலக்கியத்துக்கும் பொதுவழக்குக்கும் திருப்பித் தருக. இதனால் எவரும் தோற்றார் அல்லர். ஒவ்வொரு கரையும் தன் சொல் ஒன்றைக் கொடுத்துத் தன் சொல் ஒன்றை விடுகின்றது.

எடை இழுப்பு விசைக்கு முற்றும் பொருந்தும் சொல். எடு என்னும் வினையினின்று வந்தமையால், ஒன்றை எடுத்துத் தூக்கக் கை செலுத்தவேண்டிய விசையையே அது சுட்டுகின்றது. நியூட்டனில் அளக்கப்படுவது அதுவேயாம். ஈழத்தார்க்கும் அஃது அயற்சொல் அன்று.

திணிவு பற்றித் தமிழ்நாட்டில் இரண்டு தடை எழலாம். திணிவு என்பது செறிவைக் குறிக்குமாதலின் அடர்த்தியோடு மயங்காதோ என்பது முதல் தடை. அடர்த்தி என்னும் சொல் இருகரையிலும் ஒரே பொருளில் உறுதியாய் நிலைத்துவிட்டது. ஒரு பருமனுக்குள் அடங்கிய திணிவே அடர்த்தி என்று ஈழத்து மாணவர் மயக்கமின்றிப் பயின்றே வருகின்றனர். பல தலைமுறைகளாய் வழங்கிக் காட்டிய சொல்லுக்கு வேறு சான்று வேண்டுமோ? இரண்டாவது தடை தமிழ்நாட்டுக்கே உரியது. திணிப்பு என்றாலே இந்தித் திணிப்பு நினைவுக்கு வருமே என்பர். திணித்தல் பிறவினை, அதனின்று திணிப்பு வரும். திணிதல் தன்வினை, அதனின்று திணிவு வரும். பிறர் புகுத்துவது திணிப்பு. பொருளில் தானே செறிந்து கிடப்பது திணிவு. வகுப்பில் இதனை விளக்கும் ஆசிரியர் இயற்பியலோடு தன்வினை பிறவினையையும் கற்பித்தவர் ஆவார்.

பொருண்மை என்னும் சொல்லும் தமிழ்நாட்டில் சிலரால் ஆளப்படுகின்றது. அது நல்ல சொல்லே. ஆனால் சொற்பொருளை ஆராயும் துறைக்குப் பொருண்மையியல் என்னும் பெயர் நிலைத்துவிட்டமையால், அதனை இங்குக் கொணர்வது ஒரு மயக்கத்தை நீக்கி மற்றொன்றை நடுவதாகும்.

நற்கலைச்சொல் கிளைவிட்டுப் படரவேண்டும். திணிவு அங்ஙனம் படரும். அணுத்திணிவு, திணிவெண், திணிவு மையம், திணிவற்ற துகள் என்பன இடர்ப்பாடின்றி அமைகின்றன. எடையின்மை என்பது விண்கலத்தில் மிதப்பவர் நிலையை ஐயமறக் காட்டும். திணிவு மாறாது, எடை மாறும் என்று இரண்டே தொடரில் ஆசிரியர் பாடத்தை முடிக்கலாம்.

பழகிய சொல்லை மாற்றுதல் அரிது என்பாரும் உளர். 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு என்று கணக்கிட்டு வந்த மக்கள், 1956-ஆம் ஆண்டின் அளவைச் சட்டத்துக்குப்பின் சில்லாண்டுகளில் கிலோகிராமுக்கு மாறினர். கடைத்தெருவில் கல்லும் கணக்கும் ஒருங்கே மாறியபோதும் வாணிகம் நின்றுவிடவில்லை. பௌதிகத்தை இயற்பியலாக மாற்றியபோதும் மாணவர் தளர்ந்திலர். இங்கே மாற்றவேண்டியது ஒருசொல்லே.

தமிழ்நாட்டுப் பாடநூல் கழகமும், 1974-இல் பாவாணரைத் தலைவராகக் கொண்டு தொடங்கப்பெற்ற அகரமுதலி இயக்ககமும், ஈழத்தில் பாடநூலுக்குப் பொறுப்பான கல்வித் துறையினரும் ஒருமுறை ஒருங்கு கூடுவாராயின் இதனை ஒரே அமர்வில் முடிக்கலாம். கூடியிருக்கையிலேயே வேகம் என்னும் சொல்லையும் பார்த்துவிடலாம். இங்கே திசையில்லா விரைவையும் அங்கே திசையுள்ள விரைவையும் குறித்து அதுவும் நிறையைப்போலவே குறுக்குமறுக்காய் நிற்கின்றது. போதாக்குறைக்கு அது வடசொல்லும் ஆகும். விரைவு என்னும் தமிழ்ச்சொல் இருக்க அதனை இருகரையாரும் கட்டி அழுவது ஏன்?

அமர்வு கூடும்வரை ஆசிரியர்கள் காத்திருக்க வேண்டுவதில்லை. நாளை வகுப்பிலேயே கரும்பலகையில் நிறை என்று எழுதுங்கால் அருகே திணிவு என்றும் எழுதுக. இதனையே ஈழத்துத் தமிழர் திணிவு என்பர். அவர்கள் நிறை என்பது தமிழ்நாட்டின் எடையே என்று ஒரு தொடர் கூறுக. அங்குள்ள ஆசிரியரும் அங்ஙனமே எடையைச் சுட்டிக் காட்டுக. அடுத்த பதிப்பில் பாடநூலாசிரியர் இருசொல்லையும் அடைப்புக்குள் தருக. அதற்கடுத்த பதிப்பில் அடைப்பை நீக்குக. வினாத்தாள் அமைப்போர் அதுகாறும் அலகைச் சேர்த்தே வினவுக. கிலோகிராம் என்றோ நியூட்டன் என்றோ கிளந்து கூறினால் எக்கரைப் பிள்ளையும் பிழைபடாது.

தனித்தமிழ் என்பது அயற்சொல்லை விலக்குவதோடு முடிந்துவிடும் பணியன்று. தூய தமிழ்ச்சொல் ஒன்றே இரண்டாய்ப் பிளந்து தமிழனைத் தமிழனுக்கு விளங்காதவனாக்கும்போது, அப்பிளவை மூடுதலும் அப்பணியின் பாற்பட்டதே. தமிழ்நாட்டுப் பிள்ளையும் ஈழத்துப் பிள்ளையும் ஒரே நூலைத் திறந்து, ஒரே தொடரைப் படித்து, ஒரே பொருளை உணரும் நாள் வருக! அந்நாளுக்கு முதற்சொல்லாகத் திணிவும் எடையும் இருகரையிலும் வழங்குக!